சுண்டுவிரல் மடங்கிய கைகள்

மேனேஜர் தன் செல்போனை மேசைமேல் வைத்து அவள் பக்கமாகத் திருப்பிவிட்டார்.

"பாருங்க. பார்த்துட்டுப் பேசுங்க."

கழுகு பார்த்தாள். தையல் ஆலையில் அவளுக்கு அந்தப் பெயர் விழுந்து பதினைந்து வருஷம் இருக்கும். ஏழாம் லைன் சூப்பர்வைசர். மூன்று மெஷின் தள்ளி நின்றபடியே காலர் முனை நூல் அளவு கோணியிருந்தால் சொல்லிவிடுவாள். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் கழுகு. அது அவளுக்கும் தெரியும். காக்காய் என்று வைக்காமல் கழுகு என்று வைத்தார்களே என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட உண்டு.

வீடியோவில் முகம் கிடையாது, பேச்சு கிடையாது. ஏதோ ஒரு பாட்டின் இசை மட்டும் ஓடியது. நீலக் கட்டம் போட்ட வேஸ்ட் துணியில் சிவப்பு நூலால் எழுத்து தைக்கும் கைகள். ஒரு ஜோடிக் கை ஒரு வரியைத் தைத்து முடித்ததும் அடுத்த ஜோடி வந்தது. தைத்த வரிகள் இவை: புகை வந்தது. பின்கதவு பூட்டியிருந்தது. பதினோரு நிமிஷம். யாரும் திறக்கவில்லை. சாவி எங்கே? ஐந்து வரி, ஐந்து ஜோடிக் கை. வளையலைக் கழற்றியிருந்தார்கள், மோதிரத்தைக் கழற்றியிருந்தார்கள். பின்னால் ஜன்னலோ காலண்டரோ தெரியாதபடி போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே எண் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று லட்சத்துச் சொச்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

முதல் கையை அவள் அடையாளம் கண்டுகொள்ள நான்கு விநாடி ஆனது. நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டுகிறவள், மூன்றாம் மெஷின். அடுத்தவள் மாவை அழுத்துகிறவள்போல உள்ளங்கையின் அடியால் துணியை அழுத்துவாள், ஒன்பதாம் மெஷின். மூன்றாவது, இடதுகைக்காரி. நான்காவது போன வருஷம் சேர்ந்தது, வளைவு வந்தால் இன்னும் பயப்படுகிறது. ஐந்தாவது கையை அவள் பார்க்கவே வேண்டியதில்லை. ஒன்பது வருஷமாக ஒரே வீட்டில் தட்டு கழுவுகிற தம்பி மனைவியின் கை. அந்தக் கை ஓட்டிய மெஷின் கழுகின் மாடி அறையில் இருப்பது; அதன் ஊசித் தட்டில் இரண்டு ஸ்க்ரூ. ஒன்று இரும்பு, ஒன்று பித்தளை. அந்தப் பித்தளை ஸ்க்ரூவைப் போட்டதே கழுகுதான்.

ஐந்து பேரும் எழுத்து திரும்பும் இடத்தில் வலது சுண்டுவிரலை மடக்கி, அதன் கணுவால் துணியைத் தள்ளினார்கள். உலகத்தில் வேறு எந்தத் தையல்காரியும் அப்படித் தள்ளமாட்டாள். சொல்லிக் கொடுத்தவள் இவள்.

"இன்னொரு தடவை போடுங்க சார்" என்றாள். யோசிக்க நேரம் வேண்டியிருந்தது.

மேனேஜர் போட்டார். "துணி நம்ம ஆர்டர். ஏழாம் லைன் மட்டும்தான் அதை ஓட்டுச்சு. இதுல யார் யாருன்னு எனக்குத் தெரியாது. எனக்கு எல்லாக் கையும் கைதான். உங்களுக்குத் தெரியும்."

"கை மட்டும்னா எப்படி சார்…"

"கதை விடாதீங்க. நூல் பிரிஞ்சா எந்த மெஷின்னு கண்ணை மூடிட்டுச் சொல்ற ஆளு நீங்க. நாளைக்குப் பத்து மணிக்கு அஞ்சு பேரு என் டேபிள்ல இருக்கணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இல்லேன்னா விசாரணைன்னு ஒண்ணு வரும்மா. வந்தா மொதல் கேள்வியே சாவி யார்கிட்ட இருந்துச்சுங்கறதுதான். நான் என்ன சொல்லட்டும்?"

சாவி அவள் இடுப்பில், ஏப்ரன் நாடாவில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது அம்மிக்கல் கனம் கனத்தது.

அவள் ஆலைக்கு வந்தது பதினேழு வயதில், பிசிறு வெட்ட. பத்தொன்பதில் மெஷின் கிடைத்தது. கிடைத்த நான்காம் மாதம் ஊசி வலது கட்டைவிரல் நகத்தில் இறங்கி அடியில் வந்தது. அப்போதைய சூப்பர்வைசர் குறடால் ஊசியைப் பிடுங்கி, துணியைச் சுற்றி, "செத்துடமாட்ட, பீஸை முடி" என்றான். முடித்தாள். கட்டைவிரல் அதற்குப் பிறகு மடங்கவில்லை. மடங்காத விரலால் துணியைத் திருப்ப முடியாது என்பதால் சுண்டுவிரலை மடக்கித் தள்ளப் பழகினாள். பழகப் பழக, மற்றவர்களைவிட வேகமாகவே திரும்பியது. பின்னாளில் புதுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு வந்தபோது அதையே சொல்லிக்கொடுத்தாள். "ஏன் மேடம் சுண்டுவிரல்?" என்று யாராவது கேட்டால், "வாயால தைக்கப் போறியா, கையால தைக்கப் போறியா?" என்பாள். காயத்தின் கதை யாருக்கும் தெரியாது. இருபத்தேழு வருஷத்தில் ஒரு ஆலையின் பாதிப் பெண்கள் அவளுடைய ஊனத்தை வித்தை என்று நினைத்துக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

கல்யாணம் நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதைவிட, தம்பியைப் படிக்க வைத்து, வீட்டைக் கட்டி, திரும்பிப் பார்ப்பதற்குள் கேட்டு வருகிறவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். வீட்டின் மாடி அறையில் அவள். கீழே தம்பி, தம்பி மனைவி, ஏழு வயதுப் பெண் குழந்தை. தம்பி சரக்கு வண்டி ஓட்டுகிறான். அக்காளுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அகப்பட்ட ஆண்பிள்ளைகள் எல்லாரும் செய்வதை அவனும் செய்தான்: வாயைத் திறப்பதை விட்டுவிட்டான்.

தம்பி மனைவியை ஆலையில் சேர்த்துவிட்டதும் கழுகுதான். சேர்ந்த முதல் வாரம் அவள் தைத்த சட்டையை நாற்பது பேர் முன்னால், "இதைப் போட்டுக்கிட்டு எந்தச் சோளக்கொல்லையில நிக்கிறது?" என்று சொல்லித் தூக்கி எறிந்தாள். லைனே சிரித்தது. அன்றைக்குப் பறந்த சட்டை இன்னும் தரையில் விழவில்லை. இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றுகொண்டே குழந்தை வழியாகப் பேசினார்கள். "உங்க அத்தை மோட்டாரை நிறுத்தினாங்களான்னு கேளு." "உங்கம்மாவுக்குக் கண்ணு இருக்கில்ல, போய்ப் பார்க்கச் சொல்லு." இதில் கழுகுக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. லைனிலேயே சுத்தமான கை இன்றைக்கு அந்தத் தம்பி மனைவியின் கைதான். செத்தாலும் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டாள்.

புகை வந்த நாள் மூன்று வாரத்துக்கு முன்னால். இஸ்திரி போடும் அயனிங் பகுதியில் ஒயர் கருகியது. தீ என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் துணிக்கட்டு புகைய ஆரம்பித்தால் எதிரே இருக்கிற கை தெரியாது. பெண்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். அதில் பூட்டு. இரண்டு கட்டு சட்டை திருட்டுப் போனதிலிருந்து மேனேஜர் சொல்லிவைத்த பூட்டு. எழுத்தில் ஒன்றும் கிடையாது. வாய்வார்த்தைதான். "நான் சொல்லாம தொறக்கக் கூடாது. வானமே இடிஞ்சாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தொறங்க."

சாவி இடுப்பில் இருந்தது. கதவு பத்தடியில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது. கழுகு எதிர்த் திசையில் ஓடினாள். மூக்கைப் பொத்திக்கொண்டு, மாடிப்படி ஏறி, மேனேஜர் அறைக்கு. அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு விரலை உயர்த்தி, இரு என்றார். அவள் நின்றாள். கீழே கதவை இடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் போனை வைத்து, விஷயம் கேட்டு, திறக்கச் சொல்லி, அவள் இறங்கி வந்து திறந்தபோது பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது. உயிர் போகவில்லை. இரண்டு பேர் ஆஸ்பத்திரியில். ஒருத்திக்கு இன்னமும் இருமல் நிற்கவில்லை. மறுநாள் நோட்டீஸ் பலகையில், "அசம்பாவிதம் எதுவும் நிகழவில்லை" என்று ஒரு தாள் ஒட்டினார்கள்.

அந்த விரலுக்கு எதிரே நின்றதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தாளை ஒட்டிய அன்று மாலையே பெண்கள் போனில் ஒரு குழு தொடங்கினார்கள். பெயர் 'சமையல் குறிப்பு'. பத்துப் பத்துப் பேராக ஏழெட்டுக் குழுக்கள், எல்லாமே சமையல் குறிப்பு, ஒன்று, இரண்டு, மூன்று என்று. ஒரு குழுவில் இருப்பவளுக்கு அடுத்த குழுவில் ஒருத்தியை மட்டும் தெரியும். வீட்டுக்காரன் எட்டிப் பார்த்தாலும் சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தாலும் உப்பு, புளி என்றுதான் தெரியும். "ஆறு மணிக்கு அடுப்புப் பத்தவை" என்றால் ஆறு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் வீடியோவைப் பகிர வேண்டும். ஒருத்தி ஆறு மணிக்கும் இன்னொருத்தி எட்டு மணிக்கும் போட்டால் அது கிணற்றில் போட்ட கல். நூறு பேர் ஒரே நிமிஷத்தில் போட்டால்தான் மேலே வரும். இதை அவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ தெரியாது. லைனில் ஒரு சட்டை கைமாறிக் கைமாறி முழுசாவதைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய வித்தை இல்லைதான்.

முகத்தைக் காட்டாதே, குரலைக் கொடுக்காதே, வளையலைக் கழற்று, போர்வை கட்டு என்று எல்லாம் சொல்லிக்கொண்டார்கள். கையை மறைக்க வேண்டும் என்று மட்டும் ஒருத்திக்கும் தோன்றவில்லை. கையை யார் பார்க்கப்போகிறார்கள்?

ஆனால் அந்தக் கை வீடியோ ஊரெல்லாம் ஓடியது. மற்ற ஆலைப் பெண்களும் தங்கள் வேஸ்ட் துணியில் தங்கள் பூட்டைத் தைத்துப் போட்டார்கள். கழுகுக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளில், அவள் பார்த்திராத நிறக் கைகள். யாரோ ஒருத்தி எங்கோ ஒரு பெரிய கடையில் அதே நீலக்கட்டச் சட்டையை எடுத்து, அதன் லேபிளையும் வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போட்டாள். கடைக்காரர்கள் மேனேஜருக்குக் கடிதம் எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் மேனேஜருக்கு வேர்க்கத் தொடங்கியது.

மேனேஜர் வீடியோவைக் காட்டிய அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கழுகு செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தம்பி மனைவி அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கை தெரிந்தது. எரிச்சல் உச்சிக்கு ஏறியது.

"என் மெஷின்மேல உக்காந்து என் தலைக்கே கொள்ளி வெக்கிறியா?"

தம்பி மனைவி நிமிரவில்லை. "என்ன மெஷின்? யாரு தலை?"

"நடிக்காத. சுண்டுவிரலை மடக்கித் தள்ற கை எவளுதுன்னு எனக்குத் தெரியும். பித்தளை ஸ்க்ரூ. நான் வெளிய போன நேரத்துல மாடிக்கு ஏறி, என் ரூமுக்குள்ள, என் போர்வையைக் கட்டி… இந்த வீட்ல சோறு தின்னுக்கிட்டே எப்படிம்மா உனக்கு மனசு வந்துச்சு?"

கத்தி நின்றது. "வீட்டைச் சொல்லிக் காட்டாம உங்களுக்கு ஒருநாளும் பொழுது விடியாதா அண்ணி? சரி, நான்தான். என்ன பண்ணப் போறீங்க?"

"நாளைக்குப் பத்து மணிக்கு அஞ்சு பேரு கேக்கறார். தரலேன்னா சாவியை என் தலையில கட்டிருவார்."

"சாவி உங்க இடுப்புலதானே இருந்துச்சு? கட்டறதுக்கு என்ன இருக்கு?"

"அடியே…"

"கத்தாதீங்க. கதவுப் பக்கம் மொத ஆளா நின்னது நான். பொகை மூடறதுக்குள்ள கண்ணாடி வழியா உங்களைப் பார்த்தேன். கைய ஆட்டினேன். நீங்க என்னைப் பார்த்தீங்க. பார்த்துட்டு அந்தப் பக்கம் ஓடினீங்க." குரல் இறங்கியது. மரியாதையும் கூடவே இறங்கியது. "நான் செத்தா வீடு முழுசா உனக்கே ஆகும்னு ஓடினியா?"

கூடத்தில் தம்பி டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

"நான் பர்மிஷன் கேக்கப் போனேன்" என்றாள் கழுகு.

"பர்மிஷன்!" தம்பி மனைவி சிரித்தாள். "மூச்சு விடறதுக்கு எழுதிக் குடுத்தியா, வாயால கேட்டியா?"

கழுகு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெஷின்மேல் போர்வை ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. திருட்டுத்தனமாக ஏறி வந்தவள், துடைத்து, எண்ணெய் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அதுதான் இன்னும் அதிகமாக எரிந்தது. படுக்கும்முன் ஒரு முடிவுக்கு வந்தாள். யார் பெயரையும் சொல்வதில்லை. பாசத்தால் அல்ல. இவளை வேலையைவிட்டுத் தூக்கினால் பகல் முழுக்க வீட்டில் இருப்பாள், நினைத்தாலே குமட்டுகிறது. "கை தெரியலை சார்" என்று சாதித்துவிடலாம். கழுகுக்குக் கண் மங்கிவிட்டது என்று ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

காலையில் போன் ஓயாமல் அதிர்ந்தது. தெரியாத எண்கள். முதல் அழைப்பை எடுத்தாள். ஒரு ஆண் குரல் அவளைப் பிறந்ததற்காகத் திட்டியது. இரண்டாவது அழைப்பில் ஒரு பெண் அழுதுகொண்டே திட்டினாள். மூன்றாவதை எடுக்கவில்லை. முதல் மெஷின்காரி அனுப்பிய ஒரு படம் மட்டும் வந்திருந்தது, பேச்சில்லாமல்.

அவளுடைய முகம். சுற்றி ஒரு சிவப்பு வட்டம். மேலே: 'சாவி இவளிடம்.' கீழே ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தார்கள். இவளைப் பூட்டி வைத்துப் புகை போடுங்கள். இவள் பிள்ளைகள் விளங்காது. பிள்ளையே இல்லாதவளுக்குப் பிள்ளைச் சாபம். எந்த ஊரில் இருக்கிறார்களோ, அவள் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டே சிலர் எழுதியிருக்கலாம்.

படம் குழந்தையின் பிறந்தநாளில் எடுத்தது. மற்றவர்களை வெட்டிவிட்டார்கள். அவளுடைய இடது தோளில் மட்டும் நான்கு விரல்கள் மிச்சம் இருந்தன. படம் எடுப்பதற்காக எல்லாரையும் நெருங்கி நிற்கச் சொன்னபோது வேண்டாவெறுப்பாகப் போட்ட கை. சுண்டுவிரல் லேசாக மடங்கியிருந்தது.

கழுகு ஆலைக்கு நடந்தாள். காது இரைந்தது. தெருவில் யார் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. பாதிப் பேர் உண்மையாகவே அவளைத்தான் பார்த்தார்கள்.

தளத்தில் நுழைந்தால், நானூறு பேரும் வலது சுண்டுவிரலில் வெள்ளை பிளாஸ்டர் சுற்றியிருந்தார்கள். முதல் லைனிலிருந்து பன்னிரண்டாம் லைன்வரை. காலையில் சமையல் குறிப்பில் ஏதோ எழுதியிருக்கிறார்கள், எல்லாரும் மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார்கள். கழுகுக்குச் சிரிப்பு வந்தது, கசப்பாக. பிளாஸ்டர் சுற்றினால் கை மாறிவிடுமா? முக்காடு போட்டால் நடை மாறிவிடுமா? ஆனால் விரல்தான் காட்டிக்கொடுக்கிறது என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறதே. தம்பி மனைவியின் மூளை. நேற்றைய சண்டையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

மேனேஜர் பத்து மணிவரை காத்திருக்கவில்லை. தளத்துக்கே இறங்கி வந்தார். "பார்த்தீங்களா? உங்களை என்ன பண்ணி வெச்சிருக்காங்கன்னு பார்த்தீங்களா? இவங்களுக்காகவா வாயை மூடிக்கிட்டு நிக்கறீங்க? கேபினுக்கு வாங்க."

கேபினுக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் படி ஏறும் நேரத்தில் கோபம் இறங்கியிருக்கும். அவள் அசையவில்லை. பன்னிரண்டாம் மெஷினில் தம்பி மனைவி தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பயமே இல்லாத பார்வை. அந்தப் பார்வையும், தோளில் மிச்சம் இருந்த நான்கு விரலும், பெற்றெடுக்காத பிள்ளைகளுக்கு விழுந்த சாபமும் ஒன்றாகச் சேர்ந்து அவள் கையைத் தூக்கின.

"அவதான்" என்றாள். மடங்காத கட்டைவிரல் விறைத்து நிற்க, சுட்டுவிரல் நேராக நீண்டது. "சாவி எங்கேன்னு தெச்சது அவ. என் தம்பி பொண்டாட்டி."

மெஷின்கள் ஒன்றொன்றாக நின்றன.

"மத்த நாலு பேரு?"

"தெரியாது. அவளைத்தான் தெரியும்."

தம்பி மனைவி எழுந்து, அடிநூல் பாபினைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பிளாஸ்டரைப் பிரித்துச் சுருட்டிக் கழுகின் காலடியில் போட்டாள். "ரொம்ப நல்ல கண்ணு அண்ணி உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவள் பின்னால் மூன்றாம் மெஷின் எழுந்தது. பிறகு ஒன்பது. பிறகு யார் யார் என்று எண்ண முடியவில்லை.

தளத்தில் செல்போன் கூடாது. ஆனால் யாரோ ஒருத்தி நூல்கண்டுப் பெட்டிக்குள் ஒன்றை வைத்திருந்தாள். பதினான்கு விநாடி வீடியோ. ஒரு கை நீள்கிறது, 'அவதான்' என்கிறது, மெஷின்கள் நிற்கின்றன. மாலைக்குள் நாற்பது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். மூன்று வாரம் ஐந்து ஜோடிக் கைகள் பாடுபட்டுச் சேர்த்ததைப்போலப் பத்து மடங்கை ஒரு விரல் ஒரே பொழுதில் சேர்த்துவிட்டது. பூட்டிய கதவைக் கண்டு வருத்தப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் காறித் துப்ப ஒரு ஆள் கிடைத்தால்தான் ஜனம் கூட்டமாக வரும். மறுநாள் ஆலை வாசலுக்கு முன்னால் அவள் ஆலையைச் சேர்ந்தவர்கள் மட்டும் இல்லை. நான்கைந்து ஆலைப் பெண்கள், மாணவர்கள், கேமராக்காரர்கள். பலகைகளில் அவளுடைய விரலை வரைந்திருந்தார்கள். நன்றாகவே வரைந்திருந்தார்கள், கட்டைவிரல் விறைப்பு உட்பட.

மூன்றாம் நாள் கம்பெனி அறிக்கை விட்டது. பின்கதவின் சாவியைத் தன்னிச்சையாகத் தன்வசம் வைத்திருந்த மேற்பார்வையாளர் உடனடியாக நீக்கப்பட்டார். கம்பெனிக்கும் அவர் செயலுக்கும் தொடர்பில்லை. இருபத்தேழு வருஷம் மூன்று வரியில் முடிந்தது. சாவியைத் திருப்பி வாங்கக்கூட மறந்துவிட்டார்கள்.

அதன்பின் கழுகு மாடியைவிட்டு இறங்கவில்லை. கீழே வீடு போராட்ட அலுவலகமாகிவிட்டது. செருப்புகள் வாசல் வரை குவிந்தன. இவள் பெயரைச் சொல்லியே இவள் கட்டிய வீட்டில் கூட்டம் நடந்தது. தம்பி தினமும் சாப்பாட்டைக் கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுப் போனான். நான்காம் நாள் முதன்முதலாக வாயைத் திறந்தான்: "கொழம்புல உப்புக் கம்மி." அவ்வளவுதான்.

ஆறாம் நாள் பிற்பகல் மாடிப்படியில் வேறு காலடி கேட்டது. தம்பி மனைவி வந்து வாசற்படியிலேயே நின்றாள்.

"நாளைக்குத் தொழிலாளர் ஆபீஸ்ல விசாரணை. கதவைப் பூட்டச் சொன்னது யாருன்னு கேப்பாங்க. மேனேஜர் உங்க பேரைச் சொல்லிட்டுத் தப்பிச்சிருவான். அவன் வாயால சொன்னதைக் கேட்டது நீங்க ஒருத்திதான்."

"ஓஹோ. இப்ப நான் வேணும்."

"நீங்க வேணாம். நீங்க கேட்டது வேணும்."

"அந்தப் படத்தை மொதல்ல எடு. சிவப்பு வட்டம் போட்டியே, அதை."

"அது நான் போட்டது இல்ல."

"என் தோள்ல இருக்கறது உன் கை. எனக்குத் தெரியாதா?"

"என் கைதான். பாப்பா பொறந்தநாள் படம், ஆறு மாசமா என் போன்ல முகப்பா இருக்கு. யார் வேணா வெட்டியிருக்கலாம். நான் போட்டிருந்தா நான்தான்னு சொல்லிருப்பேன். உங்களுக்குப் பயந்தா மறைக்கப்போறேன்?"

கழுகு நம்பவில்லை. பொய் என்று சொல்லவும் முடியவில்லை. கையைப் படிக்கத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு முகத்தைப் படிக்கத் தெரியாது.

"சரி, எடுக்கச் சொல்லு."

"யார்கிட்டச் சொல்றது? எங்க கையை விட்டுப் போயிருச்சு அண்ணி. நாங்க ஆரம்பிச்சுவெச்சோம், அவ்வளவுதான். இப்ப அது யார் கையிலயும் இல்ல." முதல்முறையாக அவள் களைத்துத் தெரிந்தாள். "சொன்னா சொல்லுங்க, சொல்லாட்டிப் போங்க. அந்த இருமல்காரியோட எக்ஸ்ரே வந்திருக்கு. நுரையீரல்ல கறை. அதைச் சொல்லத்தான் ஏறி வந்தேன்."

கீழே யாரோ ஒருத்தி இருமினாள். அவளேதானா வேறு யாராவதா என்று தெரியவில்லை.

கழுகு எழுந்து, மெஷின்மேல் இருந்த போர்வையை இழுத்துக் கட்டிலில் எறிந்தாள். ஆணியில் தொங்கிய ஏப்ரனின் நாடாவை அவிழ்த்து, சாவியை எடுத்து, ஊசித் தட்டின்மேல், பித்தளை ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் வைத்தாள். வலது கையை அதன் அருகே விரித்து வைத்தாள். நகத்தின் நடுவில் பழைய குழி தெரிந்தது.

"போனை எடு. முகம் கேக்காத, தரமாட்டேன். கை போதும். இந்தக் கையை இப்ப உலகத்துக்கே தெரியும்."

தம்பி மனைவி குனிந்து கட்டைவிரலைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

"அதை அப்புறம் கேளு. ஓட்டு."

சிவப்புப் புள்ளி எரிந்தது. கழுகு பேசினாள். யார் பூட்டச் சொன்னார், எந்த நாளில், எந்த வார்த்தையில் என்று. புகை வந்ததைச் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆடிய கையைப் பார்த்ததைச் சொன்னாள். எதிர்த் திசையில் ஓடியதை, உயர்ந்த ஒரு விரலுக்கு எதிரே நின்றதைச் சொன்னாள். "அவர் இருன்னார். நான் இருந்தேன்" என்றாள். இதுவரை யாரிடமும் சொல்லாத அதைச் சொன்னபோது குரல் உடையவில்லை. ஆனால் மேசைமேல் இருந்த கை தானாகச் சுருண்டு, சுண்டுவிரல் மடங்கியது.

சொல்லி நிறுத்தினாள். போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து, அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"நேராப் புடி. நடுங்குது பாரு. இப்படிப் புடிச்சா எல்லாம் கோணலாத்தான் வரும். அழிச்சிட்டு மறுபடி எடு."

"வாயை மூடுங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, போனை இரண்டு கையாலும் பிடித்தாள். "மொதல்லேர்ந்து சொல்லுங்க."